பதினெட்டுக்குள் வராத பிள்ளைகள்

ஹொக்கி தெரிவு நாள் எப்படி நடக்கும் என்பது மைதானப் பக்கம் போகிற எல்லோருக்கும் தெரியும். காலையில் அறுபது பிள்ளைகள் வந்து நிற்பார்கள். முதலில் ஓட்டம், பிறகு கூம்புகளுக்கு இடையால் பந்தைக் கொண்டுபோதல், பிறகு கோலுக்கு முன்னால் இருக்கிற அரைவட்டமான டி-யின் விளிம்பில் நின்று நாலைந்து அடி. பத்து மணிக்கு வெயில் ஏறும். கச்சான் வீசுகிற மாதமென்றால் பிள்ளைகளோடு சேர்ந்து தெரிவாளர்களும் காய்ந்துபோவார்கள். கடைசியில் அவசரமாக இருபது நிமிட ஆட்டம் ஒன்று, அதன் பிறகு பதினெட்டுப் பெயர். அந்தப் பதினெட்டில் பத்துப் பெயரையாவது, பிள்ளைகள் கேற்றால் உள்ளே வரும்போதே சொல்லிவிடலாம்: உயரமானவன், பறக்கிறவன், பலமாக அடிக்கிறவன், புது ஸ்டிக் வைத்திருக்கிறவன்.

மிச்சம் நாற்பத்திரண்டு பேர் சைக்கிளை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். அதில் பெரும்பாலானோர் சரியாகத்தான் விடப்பட்டிருப்பார்கள். ஆனால் மூன்று நாலு பேர், இருபது வயதில் அந்தப் பதினெட்டுப் பேரையும் தாண்டிப் போகக்கூடியவர்கள். மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் ஹொக்கி என்பது கிரிக்கெட்டும் உதைபந்தும் எடுத்தது போக மிஞ்சிய பிள்ளைகளோடு நடக்கிற விளையாட்டு. அந்த மூன்று நாலு பேரை விட்டுவிட நமக்குக் கட்டாது. அவர்களை எப்படிக் கண்டுபிடிப்பது, ஏன் கண்ணில் படாமல் போகிறார்கள் என்பதுதான் இந்தப் பதிவு.

முதல் வேலைக்கு மைதானத்துக்கே போகத் தேவையில்லை. தெரிவான பட்டியலை எடுத்து ஒவ்வொரு பெயருக்கும் எதிரே பிறந்த மாதத்தை எழுதுங்கள். வயதுப் பிரிவு ஜனவரி 1ஐ வைத்துக் கணக்கிடப்படுகிறதென்றால், ஜனவரியில் பிறந்தவனும் அதே ஆண்டு டிசம்பரில் பிறந்தவனும் ஒரே பிரிவில்தான் நிற்பார்கள். பதினாலு வயதில் அந்தப் பதினொரு மாதம் நாலு விரல் உயரமாகவும் ஐந்தாறு கிலோ எடையாகவும் தெரியும். மூன்று மாதத்துக்கு ஒரு கட்டமாகப் பிரித்தால் 18 பேரில் கட்டத்துக்கு நாலோ ஐந்தோ பேர் விழ வேண்டும். முதல் கட்டத்தில் ஒன்பது பேரும் கடைசிக் கட்டத்தில் ஒருவரும் இருந்தால், அன்றைக்கு நீங்கள் ஹொக்கி பார்க்கவில்லை, கலண்டர் பார்த்திருக்கிறீர்கள்.

இதை எண்ணிக் காட்டியவர்கள் கனடாக்காரர்கள், அதுவும் ஐஸ் ஹொக்கியில். ஐஸ் ஹொக்கி நமக்குத் தூரத்துச் சொந்தம். ஸ்கார்பரோவில் இருக்கிற மச்சான்மாரின் பிள்ளைகள் வழியாகத்தான் அதன் பேச்சே இந்தப் பக்கம் வருகிறது. ஆனால் பிள்ளைத் தெரிவில் எங்கே பிழை விட்டோம் என்று அவர்களைப் போல் கணக்கு வைத்தவர்கள் குறைவு. 1985இல் ரொஜர் பார்ன்ஸ்லியும் கூட்டாளிகளும், கனடாவின் உயர்மட்ட ஹொக்கி வீரர்களில் ஆண்டின் முதல் மாதங்களில் பிறந்தவர்கள் அளவுக்கு மிஞ்சி இருப்பதைக் காட்டினார்கள். 2013இல் வந்த இன்னொரு ஆய்வு இதைவிடச் சுவையானது. 1980 முதல் 2006 வரை என்.எச்.எல். என்ற வட அமெரிக்க ஐஸ் ஹொக்கி லீக்கின் கழகங்கள் வரிசை போட்டு எடுத்த இளையோரை அது பார்த்தது. ஆண்டின் பிற்பாதியில் பிறந்தவர்கள் தங்கள் ஆட்டத்துக்குத் தகுந்த இடத்தைவிட நாற்பது இடத்துக்கு மேல் பிந்தியே எடுக்கப்பட்டிருந்தார்கள். ஆனால் 400 ஆட்டம் அல்லது 200 புள்ளி என்ற எல்லையைத் தொடுகிற வாய்ப்பு, முதல் மூன்று மாதத்தில் பிறந்தவர்களைவிட இந்தப் பிற்பாதிக்காரருக்கு ஏறத்தாழ இரு மடங்கு இருந்தது. காசு கொட்டி ஆள் தேடுகிற கழகங்களே ஆண்டுக்கணக்காக இந்தப் பிழையை விட்டன.

அந்த வரிசையின் வால் பக்கத்தில் யார் யார் கிடந்தார்கள் என்று பாருங்கள். பவெல் டட்சுக் 1998இல் 171ஆவது ஆள். ஹென்ரிக் செட்டர்பெர்க் 1999இல் 210ஆவது. இருவரையும் எடுத்தது டெட்ரொயிட் கழகம், இருவரும் சேர்ந்து 2008இல் அந்த லீக்கின் ஸ்டான்லி கிண்ணம் வென்றார்கள். கோல் காப்பாளர் ஹென்ரிக் லுண்ட்குவிஸ்ட் 2000இல் 205ஆவது. கிரில் கப்ரிசொவ் 2015இல் 135ஆவது. மார்ட்டின் செயின்ட் லூயியை ஒருவரும் எடுக்கவேயில்லை. அவர் 2004இல் அந்த லீக்கின் மிகச்சிறந்த வீரர் விருதை வாங்கினார். கிட்டடிக் கதை வேண்டுமென்றால், உருவம் சிறிது என்று 2022இல் 62ஆவது இடம் வரை தள்ளப்பட்ட லேன் ஹட்சன், 2024-25இல் பின்கள வீரனாக 66 புள்ளி எடுத்து ஆண்டின் சிறந்த புதுமுகமானார். அதே விருதின் இறுதி மூவரில் ஒருவர் டஸ்டின் வொல்ஃப், 2019இல் 217 பேரில் 214ஆவதாக எடுக்கப்பட்ட கோல் காப்பாளர். இந்தப் பட்டியலில் சிறிய உடம்புக்காரரும் கோல் காப்பாளரும் திரும்பத் திரும்ப வருவதைக் கவனியுங்கள். நம் மைதானத்திலும் விடுபடுவது அவர்கள்தான்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். டிசம்பரில் பிறந்த பொடியன் எல்லாம் டட்சுக் ஆகமாட்டான். பிந்திய மாதம் என்பது இன்னொரு தடவை பார்ப்பதற்கான காரணம் மட்டும்.

மாதத்தைவிடப் பெரிய குழப்பம் வளர்ச்சி. பையன்களுக்கு உயரம் வேகமாக ஏறுகிற காலம் சராசரியாக 13, 14 வயதில் வரும். பெண் பிள்ளைகளுக்கு அதற்கு இரண்டு ஆண்டு முந்தியே வந்துவிடும். ஆனால் சராசரி என்பது சராசரிதான். ஒரே வகுப்பில் ஒருவனுக்குப் பன்னிரண்டிலும் இன்னொருவனுக்குப் பதினாறிலும் வரலாம். முந்தி வளர்ந்தவன் 15 வயதுக்குள் ராசாவாக இருப்பான், எல்லோரையும் தோளால் தள்ளிவிட்டுப் போவான். 19இல் எல்லோரும் அவன் உயரத்துக்கு வந்தபின் அவனிடம் தள்ளுவதைத் தவிர வேறு வித்தை இராது. பிந்தி வளர்கிறவனுக்கு அந்த வழியே இல்லை. அதனால் பந்து வருமுன்னே யோசிக்கப் பழகியிருப்பான்.

இதை அறிய பெரிய கருவி தேவையில்லை. சுவரில் ஒரு அளவுகோல், மூன்று மாதத்துக்கு ஒருமுறை, காலையில், சப்பாத்தில்லாமல் உயரம் எடுங்கள். மூன்று மாதத்தில் இரண்டு சென்றிமீற்றருக்கு மேல் ஏறுகிறதென்றால் அந்தப் பிள்ளை வேக வளர்ச்சியில் இருக்கிறது. அந்த மாதங்களில் கை கால் சொன்ன பேச்சுக் கேட்காது. நேற்று வரை அழகாகப் பந்து நிறுத்திய பிள்ளை தடுமாறும், முழங்காலுக்குக் கீழே எலும்பு நோகிறது என்று சொல்லும். சரியாக அந்த நேரத்தில்தான் தெரிவு வரும், பிள்ளை வெளியே போகும். தாய் தகப்பன் உயரமாக இருந்து, பிள்ளைக்குச் சப்பாத்து மட்டும் ஆண்டுக்கு இரண்டு அளவு ஏறுகிறதென்றால், அந்தப் பெயரை அழிக்காமல் தனித் தாளில் வையுங்கள். ஆறு மாதம் கழித்து மறுபடி பாருங்கள். இந்தக் காலத்தில் பாய்ச்சலும் தூர ஓட்டமும் குறைத்து, பந்து வேலையைக் கூட்டுவதே நல்லது.

சரி, மைதானத்தில் என்னத்தைப் பார்ப்பது? பந்தைப் பார்க்காதீர்கள். இது சொல்ல லேசு, செய்யக் கஷ்டம். கண் தானாகப் பந்தோடு ஓடும். ஒரு ஆள், ஒரு பிள்ளை, பதினைந்து நிமிடம் என்று பிரித்துக்கொள்ளுங்கள். கையில் தாளும் பென்சிலும். மூன்று கோடு போட்டு மூன்று விடயத்தை மட்டும் எண்ணுங்கள்.

ஒன்று, பந்து தன்னிடம் வருவதற்கு முந்திய மூன்று நாலு செக்கனில் தலையைத் திருப்பித் தோளுக்குப் பின்னால் பார்த்ததா. பன்னிரண்டு தடவை பந்து வாங்கியதில் எத்தனை தடவை பார்த்தது என்று எழுதுங்கள். பதினைந்து வயதில் பாதிக்கு மேல் பார்க்கிற பிள்ளை அரிது. கண்டால் விடாதீர்கள், அது குட்டையோ மெலிவோ எதுவாக இருந்தாலும். மூன்றில் ஒன்றுக்குக் குறைவென்றால், எவ்வளவு வேகமாக ஓடினாலும் மேல்மட்டத்தில் அந்த வேகம் எதிராளியின் ஸ்டிக்கில் போய் முட்டும். இந்த எல்லைகள் மைதான அனுபவக் கணக்கு, வேதவாக்கு இல்லை.

இரண்டு, முதல் தொடுகை. பந்து நின்றதா என்று மட்டும் பார்க்காதீர்கள். அடுத்து போக நினைக்கிற பக்கத்துக்கு, ஸ்டிக் எட்டும் தூரத்துக்குள் போய் நின்றதா? காலடியில் செத்துக் கிடக்கிற பந்து பார்க்க அழகு. ஆனால் அதை மறுபடி உயிர்ப்பிக்க ஒரு செக்கன் போய்விடும்.

மூன்று, பந்தை இழந்த பின் வருகிற ஐந்து செக்கன். கையை விரித்து நடுவரைப் பார்க்கிறதா, இடுப்பில் கை வைக்கிறதா, அல்லது தன் கோலுக்கும் பந்துக்கும் நடுவில் ஓடி வந்து நிற்கிறதா? வியர்வையைப் பார்த்து ஏமாற வேண்டாம். பந்துக்குப் பின்னால் நாய் போல் ஓடுகிற பிள்ளையை எல்லோரும் மெச்சுவார்கள். குறுக்கே ஐந்து அடி நகர்ந்து பாதையை மூடுகிற பிள்ளையை ஒருவரும் காணமாட்டார்கள். எதிராளி பந்தை அந்தப் பக்கம் அனுப்பாமலே விட்டுவிடுவான், அதனால் அந்தப் பிள்ளை ஒன்றும் செய்யாதது போலிருக்கும். நல்ல பின்கள வீரர்கள் இப்படித்தான் தொலைகிறார்கள்.

இதற்கு முழு மைதான ஆட்டம் சரிவராது. பதினொரு பேர் ஆட்டத்தில், அதுவும் 91.4 மீற்றர் நீளத்தில், இருபது நிமிடத்துக்கு ஓரத்தில் நிற்கிற பிள்ளைக்கு நாலு தடவை பந்து வந்தாலே அதிகம். நாற்பதுக்கு இருபத்தைந்து மீற்றரில் கோடு போட்டு ஐந்துக்கு ஐந்து ஆட விடுங்கள். தொடுகைகள் பல மடங்காகும், ஒளிந்து நிற்க இடமிராது. ஆறு நிமிட ஆட்டம், ஆட்டத்துக்கு ஆட்டம் ஆட்களைக் கலக்க வேண்டும். ஒவ்வொரு பிள்ளையையும் ஒரு தடவையாவது தோற்கிற பக்கம் போடுங்கள். 4க்கு 0 என்று வெல்கிற பக்கத்தில் எல்லோரும் கெட்டிக்காரர். இன்னொன்று, ஒரே பாடசாலைப் பிள்ளைகளை ஒரே பக்கம் போடாதீர்கள். அவர்கள் தங்களுக்குள்தான் பந்து கொடுப்பார்கள், வேறு பாடசாலையிலிருந்து தனியே வந்த பிள்ளை பந்தைக் காணாமலே வீட்டுக்குப் போகும்.

இப்போது நம் மண்ணின் சிக்கல். கரையோர மைதானங்கள் மணல். உள்ளே போனால் செம்மண்ணும் கிறவலும். மே தொடங்கி செப்டெம்பர் வரை காய்ந்து சீமெந்து போலாகும், நவம்பருக்குப் பிறகு மாரியில் தண்ணீர் நிற்கும். அந்த நிலத்தில் பந்து நேரே வராது, துள்ளும். பிள்ளைகள் அதற்கேற்ற மாதிரிப் பழகுவார்கள்: ஸ்டிக்கை நிமிர்த்திப் பிடித்து, உடம்பைப் பின்னால் வைத்து, துள்ளுகிற பந்தைக் கடைசி நேரத்தில் அடக்குவார்கள். அந்தக் கை உண்மையில் பெரிய சொத்து. ஆனால் அதே பிள்ளையைச் செயற்கைப் புல்லில் கொண்டுபோய் விட்டால், பந்து நிலத்தோடு வழுக்கி இரண்டு மடங்கு வேகத்தில் வரும், நிமிர்ந்த ஸ்டிக்குக்குக் கீழால் போய்விடும். முதல் அரை மணி நேரத்தில் நாலு பந்து விட்டால் கொழும்புத் தெரிவாளர் ஏன் பெயர் எழுதப் போகிறார்? பிள்ளையிடம் ஆட்டம் இல்லை என்று முடிவாகிவிடும். உண்மையில் இல்லாதது மூன்று கிழமைப் பழக்கம்.

அந்தப் பழக்கத்தை இங்கேயே கொடுக்கலாம். கூடைப்பந்துக்குப் பெயர்போன ஊர் மட்டக்களப்பு. வெபர் அடிகளார் வளர்த்துவிட்ட ஆட்டம். சீமெந்து கோர்ட் உள்ள பாடசாலையைக் கேட்டு, காலை ஆறு மணிக்கு அரை மணி நேரம் வாங்குங்கள். தரையைக் கூட்டி, வாளியால் தண்ணீர் தெளியுங்கள். ஈரச் சீமெந்தில் பந்து வழுக்கி வரும், செயற்கைப் புல்லுக்குக் கிட்டத்தட்ட அந்த வேகம். ஆனால் சப்பாத்தும் வழுக்கும். பந்து வருகிற இரண்டு மீற்றர் அகலப் பாதையை மட்டும் நனையுங்கள், பிள்ளை நிற்கிற இடம் காய்ந்திருக்கட்டும். ஸ்டிக்கைப் படுக்க வைத்து, இடது கை விரல் முட்டு நிலத்தை உரசுமளவு குனிந்து, வலப்பக்கம் 50 பந்து, இடப்பக்கம் திருப்பிப் பிடித்து 50 பந்து. கிறவலில் இதைச் செய்யாதீர்கள், பந்து துள்ளி விரலை உடைக்கும். சீமெந்து ஸ்டிக்கின் அடியைத் தின்னும் என்பதால் பழைய ஸ்டிக்கைப் பாவியுங்கள், அல்லது வளைவின் அடியில் இரண்டு சுற்று ரேப் ஒட்டி இரண்டு நாளைக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

ஸ்டிக் பற்றிப் பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுவோம், ஏனென்றால் சில பிள்ளைகளை "மந்தம்" என்று தள்ளியதற்குக் காரணம் ஸ்டிக்தான். பாடசாலைப் பெட்டியில் இருப்பதெல்லாம் 36.5 அங்குலம், பெரிய ஆட்களின் அளவு. நாலு அடி பதினொரு அங்குலப் பிள்ளையின் கையில் அதைக் கொடுத்தால் இரண்டில் ஒன்று நடக்கும்: நிமிர்ந்து நின்று ஆடும், அல்லது பிடியை இறக்கிப் பிடித்து மேல்நுனி வயிற்றில் குத்தக் குத்த ஆடும். இரண்டிலும் குனியாது, திரும்பாது. நிமிர்த்தி வைத்தால் ஸ்டிக்கின் நுனி இடுப்பெலும்பு மட்டத்தில் வர வேண்டும். ஐந்து அடிக்குக் கீழே உள்ளவருக்கு ஏறத்தாழ 34 அங்குலம், ஐந்து அடி மூன்று வரை 35, ஐந்தரை அடிக்கு மேல்தான் 36.5. விதி 737 கிராம் வரை விட்டாலும், சிறு பிள்ளைக்கு 520, 540 கிராமுக்கு மேல் வேண்டாம். பழைய மர ஸ்டிக்கை மேல்நுனியில் ஒன்றரை அங்குலம் அறுத்து, வெட்டுவாயை ரேப்பால் மூடி, பிடியைப் புதிதாகச் சுற்றலாம். அதற்கு மேல் அறுத்தால் தலைப்பாரம் கூடி மணிக்கட்டு நோகும். ஃபைபர் ஸ்டிக்கை அறுத்தால் தூசி நெஞ்சுக்குக் கேடு. முகத்தைக் கட்டிக்கொண்டு, தண்ணீர் விட்டு அறுக்க வேண்டும். அறுத்த அன்றே அந்தப் பிள்ளையின் ஆட்டம் மாறுவதைப் பார்க்கலாம்.

கோல் காப்பாளர் விடயத்தில் நாம் விடுகிற பிழை பெரியது. ஓட ஏலாத பொடியனுக்குக் காலில் பேட்டைக் கட்டி நிறுத்துவது வழக்கம். இந்தியாவின் ஸ்ரீஜேஷ் திருவனந்தபுரம் விளையாட்டுப் பாடசாலையில் ஓட்டம், நீளம் பாய்தல், கரப்பந்து என்று சுற்றிய பிறகே கோல் காப்புக்கு வந்தவர். டோக்கியோவிலும் பாரிசிலும் இரண்டு ஒலிம்பிக் வெண்கலம். நம் பக்கத்து ஊர்களில் கரப்பந்து ஆடுகிற பிள்ளைகளுக்குக் குறைவேயில்லை. வலைக்கு முன் எழும்புகிறவர்களில், முன்பாதத்தில் நிற்கிற, கண் சிமிட்டாத, கத்திப் பேசுகிற பிள்ளையைத் தேடுங்கள். ஐந்து மீற்றரில் நின்று இருபது டெனிஸ் பந்தை உயரம் மாற்றி மாற்றி எறியுங்கள், தடுப்பது கையாலோ காலாலோ. எத்தனை தடுத்தது என்பதைவிட, விட்ட பந்துக்கு அடுத்த பந்தில் என்ன செய்தது என்று பாருங்கள். பிறகு 23 மீற்றர் கோட்டிலிருந்து ஒரு முன்கள வீரன் பந்தோடு வர, 8 செக்கன், ஒருவனுக்கு ஒருவன். முதலிலேயே விழுகிற பிள்ளை பயந்த பிள்ளை. நின்றுகொண்டே முன்னுக்கு வந்து, எதிராளியை வலப்பக்கமோ இடப்பக்கமோ தள்ளிக் கடைசியில் மட்டும் விழுகிற பிள்ளையைக் கண்டால் அன்றைக்கே பெயர் எழுதுங்கள். கோல் காப்பாளர் பிந்தித்தான் முதிர்வார், 22 வயது வரை பொறுக்க வேண்டும்.

அவருக்குக் கொடுக்கிற கவசமும் சரியாக இருக்க வேண்டும். பேட்டின் முழங்கால் குழி முழங்காலில் இருக்காமல் தொடையில் ஏறினால் எந்தப் பிள்ளையும் மந்தமாகத்தான் தெரியும். தொண்டைக் காப்பும் அடிவயிற்றுக் காப்பும் இல்லாமல் ஒரு பந்துக்கும் நிறுத்தாதீர்கள். பந்து 156 முதல் 163 கிராம், கல்லுக்குச் சமம். ஆடிய பிறகு கவசத்தை வெயிலில் போட்டால் ஸ்பொஞ்ச் வெடிக்கும், மூடி வைத்தால் பூஞ்சணம். நிழலில், காற்றில் தொங்கவிட வேண்டும். கல்லடி, கல்முனைப் பக்கத்து உப்புக்காற்றில் ஹெல்மட் கம்பியின் திருகாணி கெதியாகத் துருப்பிடிக்கும். மாதம் ஒருமுறை கழற்றி எண்ணெய் பூசுங்கள்.

ட்ராக் ஃப்ளிக், அதாவது பந்தை ஸ்டிக்கால் இழுத்து எறிகிற ஆட்களை 14 வயதில் தேடாதீர்கள், கிடைக்கமாட்டார்கள். எதிரணி தன் டி-க்குள் பிழை விட்டால் கிடைக்கிற பெனால்டி கோர்னரில், நேரே அடிக்கிற முதல் அடி கோலின் 460 மில்லிமீற்றர் அடிப்பலகை உயரத்தைத் தாண்டிப் போனால் கோல் இல்லை. இழுத்து எறிகிற பந்துக்கு அந்தத் தடை கிடையாது. அதனால்தான் பாரிஸ் ஒலிம்பிக்கில் இந்தியாவின் ஹர்மன்பிரீத் சிங் 10 கோல் போட்டார், பாகிஸ்தானின் சொஹைல் அப்பாஸ் 348 கோலில் நின்றார். நம் நிலத்தில் பந்தை இழுக்கவே முடியாது, இரண்டு அடியில் ஸ்டிக்கை விட்டுத் துள்ளிவிடும். எனவே பார்க்க வேண்டியது எறிகிற உடம்பை. இரண்டு கிலோ மெடிசின் போலைக் கொடுத்து, பக்கவாட்டில் நின்று இடுப்பைச் சுழற்றி எறியச் சொல்லுங்கள். கையால் எறிகிறவனைவிட, முதலில் இடுப்பும் பிறகு தோளும் கடைசியில் கையும் திரும்புகிறவன் தூரம் போடுவான். ஈட்டி எறிகிறவன், வேகப்பந்து வீசுகிறவன், வயலில் கதிர்க்கட்டுத் தூக்கி எறிந்து பழகியவன் எல்லாம் இந்தக் கூட்டம். ஆளைக் கண்ட பிறகு சீமெந்தில் நடையைப் பழக்கலாம்: வலது கால் இடது காலுக்குப் பின்னால் குறுக்கே, பந்து வலது பாதத்துக்கு நேரே ஸ்டிக்கின் கழுத்தில் ஏறும், அடுத்து இடது காலை நீளமாக எட்டி வைத்து, உடம்பு தாழ்ந்தபடி இழுப்பு, பந்து இடது பாதத்தைத் தாண்டிய பிறகே விடுவிப்பு. முந்தி விட்டால் பந்து வலப்பக்கம் வெளியே போகும். 16 வயதுக்குக் கீழே கிழமைக்கு மூன்று நாள், நாளுக்கு முப்பதுக்கு மேல் வேண்டாம். இடுப்பும் கவட்டையும் முதலில் போகும்.

பெண் பிள்ளைகள் விடயத்தில் நான் சொல்வது சுருக்கம்: பதினாறில் நின்றுவிடாத பிள்ளையே பாதி வென்ற பிள்ளை. ஏ.எல்., ரியூஷன், "இனிப் போதும் மகள்" என்கிற வீட்டுச் சொல், இவை தாண்டி வருகிறவர்கள் கொஞ்சப் பேர். அதனால் பதினைந்து, பதினாறில் தொடங்கிய மெய்வல்லுநர்ப் பிள்ளைகூட மேலே போக இடமுண்டு. மெலிந்த பிள்ளையை மெலிவைப் பார்த்துத் தள்ளாதீர்கள். ஹரியானாவின் ராணி ராம்பாலை, உடம்பில் தெம்பில்லை என்று பயிற்றுநர் முதலில் சேர்க்கவே மறுத்தார். 2010 உலகக் கிண்ணத்தில் பதினைந்து வயதில் ஏழு கோல் போட்டார் அவர். பத்து நிமிடத்தில் மூச்சு வாங்கி வெளிறிப்போகிற பிள்ளையென்றால், சோம்பல் என்று ஏசுவதற்கு முதல் கிளினிக்கில் இரத்த அளவைப் பார்க்கச் சொல்லுங்கள். இரும்புச்சத்துக் குறைவு மாத்திரையால் சரிவருகிற விடயம்.

இவ்வளவும் செய்து ஒரு பிள்ளையைக் கண்டுபிடித்தாயிற்று, பிறகு எங்கே? இலங்கையில் முழுநேரச் சம்பளம் கொடுக்கிற ஹொக்கி லீக் கிடையாது. முப்படை அணிகள், பல்கலைக்கழகம், கம்பனி அணிகள், இவைதான் உள்ளூர் வழி. மறுபடி தொடங்கிய இந்திய ஹொக்கி லீக்கில் 2024-25இல் அணிக்கு 24 பேர், அதில் எட்டு வெளிநாட்டவர், குறைந்தது நாலு இந்திய இளையோர் என்று வைத்தார்கள். அந்த எட்டு இடமும் பெரும்பாலும் ஐரோப்பியருக்கும் அவுஸ்திரேலியருக்கும்தான். நமக்கு அதில் படிக்க இருப்பது அந்த நாலு இளையோர் இடம்: கட்டாய இடம் இருந்தால்தான் ஆட்கள் கடைசிவரை தேடுவார்கள். மாவட்டத் தெரிவிலும் பதினெட்டில் இரண்டு இடத்தை ஆண்டின் கடைசி மூன்று மாதப் பிள்ளைகளுக்கென்று ஒதுக்கிப் பார்க்கலாம். அரியலூரின் கார்த்தி செல்வம் கோவில்பட்டியில் பழகி, 2022 ஆசியக் கிண்ணத்தில் பாகிஸ்தானுக்கு எதிரான முதல் ஆட்டத்திலேயே கோல் போட்டார். கோவில்பட்டி ஒன்றும் பெரிய நகரமில்லை. அங்கே தேடுவதை விடாத ஆட்கள் இருந்தார்கள்.

வெளியே அனுப்ப வேண்டியது வீடியோ. அவுஸ்திரேலிய, இங்கிலாந்துக் கழகங்களுக்கோ கொழும்புப் பயிற்றுநருக்கோ, கோல் மட்டும் வெட்டி ஒட்டிப் பாட்டுப் போட்ட இரண்டு நிமிடத் துண்டை ஒருவரும் நம்பமாட்டார்கள். மட்டக்களப்பு வெபர் மைதானமென்றால் பார்வையாளர் மேடையின் மேல்படியில் ஏறி, போனைக் கிடையாகப் பிடித்து, ஒரு கால்பகுதி ஆட்டத்தை வெட்டாமல் எடுங்கள். ஸூம் போட்டுப் பந்தைத் துரத்தினால் தலை திருப்புவதும் பாதை மூடுவதும் படத்தில் விழாது, அதாவது இந்தப் பிள்ளையின் சரக்கே விழாது. அரை மைதானம் எப்போதும் தெரிய வேண்டும். பிள்ளை தோன்றும் முதல் இடத்தில் ஒரு அம்புக்குறி. இணைப்பை உரியவருக்கு மட்டும் அனுப்புங்கள், பிள்ளையின் விவரத்தை ஊருக்கெல்லாம் போடாதீர்கள். முதல் திரையில் பெயர், சட்டை இலக்கம், நிலை, இன்றைய உயரம், ஆறு மாதத்துக்கு முந்திய உயரம், பிறந்த மாதமும் ஆண்டும். மாதம் டிசம்பர் என்றால் அதைக் கொஞ்சம் பெரிய எழுத்தில் போடுங்கள்.